அன்றைய நற்செய்தி அன்றைக்கே ஆள் உருவில் வந்ததுண்டா?

தருமபுரியிலிருந்து, தொடங்கி வைப்பவர்

காலையில் கைப்பேசியைத் திறந்தால் ரோஜாப்பூப் படத்தோடு அன்றைய வசனம் வந்து குவிந்துவிடுகிறது. படிக்கிறோம், கைகூப்பும் பொம்மையைத் தட்டிவிடுகிறோம், அடுத்த வேலைக்குப் போகிறோம். நான் கேட்பது வேறு. காலையில் படித்த நற்செய்தி அன்றைக்கே, அல்லது அந்த வாரத்துக்குள், ஓர் ஆளாக உங்கள் முன்னால் வந்து நின்றிருக்கிறதா? அந்த ஆளைப் பற்றி எழுதுங்கள். மறையுரைச் சுருக்கம் வேண்டாம், அது கோவிலிலேயே கிடைக்கிறது. 'பத்துப் பேருக்கு அனுப்பினேன், கடன் தீர்ந்தது' வகையறாவும் வேண்டாம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்தாரும் எழுதலாம். நம் மறைமாவட்டம் (ஓர் ஆயரின் கீழ் வரும் திருச்சபைப் பகுதி) 1997இல் சேலத்திலிருந்து பிரிந்தபோது கிருஷ்ணகிரி தருமபுரி மாவட்டத்துக்குள்தான் இருந்தது. 2004இல் அரசாங்கம் பிரித்தது, திருச்சபை பிரிக்கவில்லை.

புதிதாகப் படிக்கத் தொடங்கியவர்களுக்கு ஒன்று. ஞாயிறு வாசகம் மூன்று ஆண்டுகளில் சுற்றி வரும். வாரநாள் நற்செய்தி ஆண்டுதோறும் அதேதான். பெருவிழாக் காலங்கள் போக மீதியான பொதுக்காலத்தின் முதல் ஒன்பது வாரம் மாற்கு, பத்திலிருந்து இருபத்தொன்றாம் வாரம் வரை மத்தேயு, அப்புறம் கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலம் வரை லூக்கா. போன வருடம் உங்களைக் குத்திய வசனம் இந்த வருடமும் ஏறக்குறைய அதே பருவத்தில் வந்து நிற்கும். தப்பிக்க வழியில்லை.

ராயக்கோட்டைப் பக்கம், தக்காளி விவசாயி

எனக்கு வந்தது மத்தேயு 20. திராட்சைத் தோட்டத்து வேலையாட்கள் உவமை, விடியலில் வந்தவருக்கும் கடைசியில் வந்தவருக்கும் முதலாளி ஒரே கூலி கொடுக்கிற கதை. இருபதாம் வார புதன்கிழமை வாசகம், ஆகஸ்டில் வரும்.

அன்றைக்குப் பழம் பறிக்க ஆட்கள் ஏழு மணிக்கே வந்துவிட்டார்கள். ஒரு பெண் மட்டும் பதினொன்று தாண்டித்தான் வந்தார். மாமியாருக்குக் காய்ச்சல், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு, பஸ் கிடைக்காமல் நடந்தே வந்திருக்கிறார். "அரை நாள் போட்டுக்கலாம்ணா" என்றார் மேஸ்திரி. வழக்கம் அதுதான், யாரும் தப்புச் சொல்ல முடியாது. காலையில் படித்தது மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்ததால் சாயங்காலம் அவருக்கும் முழு நாள் கூலியே கொடுத்தேன்.

காலையில் முதல் ஆளாக வந்த பெரியம்மா காசை எண்ணி முந்தியில் முடிந்துகொண்டு கேட்டார்: "எங்க வெயிலு மட்டும் ஓசியாண்ணா?"

உவமையில் முணுமுணுக்கிறவர்களைப் பொறாமைக்காரர்கள் என்றே பிரசங்கத்தில் கேட்டு வளர்ந்தவன் நான். அந்தப் பெரியம்மாவை அப்படி நினைக்க முடியவில்லை. வெயிலைத் தாங்கியது அவர்தானே? மத்தேயுவும் அவர்கள் வாயில் அந்த வெயிலைத்தான் வைத்திருக்கிறார்.

இதோடு முடிந்திருந்தால் நல்ல சாட்சியமாக இருந்திருக்கும். மறுநாள் பாதிப் பேர் பத்து மணிக்குத்தான் வந்தார்கள். மண்டிக்கு வண்டி நிற்கிறது, பெட்டி நிரம்பவில்லை. எங்கள் பங்குச் சாமியாரிடம் போய்ப் புலம்பினேன். சிரித்துவிட்டார். "அந்த முதலாளி மறுநாள் என்ன பண்ணாருன்னு மத்தேயு எழுதலியே" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திரும்பத் திரும்பப் படித்ததில் ஒன்று கண்ணில் பட்டது. அந்த நிலக்கிழாருக்கு ஒரு மேற்பார்வையாளர் இருக்கிறார். ஆனால் அவர் கூலி கொடுக்கும்போதுதான் கதைக்குள் வருகிறார். விடியலில், ஒன்பதுக்கு, பன்னிரண்டுக்கு, மூன்றுக்கு, ஐந்துக்கு என்று சந்தைவெளிக்குப் போய் வருவது முதலாளியேதான். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்பதும் அவரே. சரி, இதையாவது செய்யலாம் என்று இப்போது யார் தாமதமாக வந்தாலும் நானே போய்க் கேட்கிறேன். ஆஸ்பத்திரி, பிள்ளை, சாவு என்றால் முழுக் கூலி. தூங்கிவிட்டேன் என்றால் அரை நாள். இதைக் காலையிலேயே எல்லார் முன்னாலும் சொல்லியும் ஆயிற்று. பெரியம்மா இன்னும் முணுமுணுக்கிறார்.

தருமபுரி, மருந்து விற்பனைப் பிரதிநிதி

அக்டோபர் தொடக்கம். சேலம் போகும் பஸ்ஸில் லூக்கா 10, நல்ல சமாரியர் படித்துக்கொண்டிருந்தேன். வழியில் அடிபட்டுக் கிடந்தவனை, மற்றவர்கள் விலகிப் போக, அந்நியனான சமாரியன் காப்பாற்றும் கதை. தொப்பூர் கணவாய் இறக்கத்தில் வண்டி நின்றுவிட்டது. அந்த இறக்கம் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பாரம் ஏற்றிய லாரிக்கு பிரேக் பிடிக்கவில்லை என்றால் முன்னால் இருப்பவர் கதி அவ்வளவுதான்.

இறங்கிப் போனோம். ஒரு சிறிய வேன் நசுங்கிக் கிடந்தது. பாதிப் பேர் கையில் கேமரா. அந்தக் கூட்டத்துக்கு நடுவில் ஒரு லாரி கிளீனர் பையன், அடிபட்டவர் தலையை மடியில் வைத்துத் தன் துண்டால் நெற்றியை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. அவனுடைய டிரைவர் தூரத்திலிருந்து இந்தியில் கத்துகிறார், நேரமாகிறது என்று. 108 வரும்வரை அவன் எழுந்திருக்கவில்லை.

போலீஸ்காரர் நோட்டோடு வந்ததும் பையன் முகம் செத்துவிட்டது. கேஸில் மாட்டிவிடுவார்களோ என்ற பயம். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் சொன்னேன்: உதவி செய்தவன் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை, சாட்சியாக வரச்சொல்லி வற்புறுத்தவும் கூடாது. 2016இல் உச்ச நீதிமன்றம் அந்த வழிமுறைகளுக்கு ஒப்புதல் கொடுத்தது, 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தில் 134ஏ என்ற பிரிவாகவே அது வந்துவிட்டது. போலீஸ்காரரும் தலையாட்டினார். "விருப்பமில்லன்னா போகட்டும் சார்."

சட்டத்தில் அவனுக்குப் பெயரே 'நல்ல சமாரியர்'தான். கையில் சிவப்புக் கயிறு கட்டிய அந்தப் பையனுக்கு சமாரியா எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரிந்திருக்காது. துண்டைத் திரும்ப வாங்காமலே லாரியில் ஏறிப் போய்விட்டான்.

கோவிலூர், இல்லத்தரசி

அந்த நல்ல சமாரியர் வாசகத்துக்கு மறுநாள் எது தெரியுமா? மார்த்தா, மரியா. வீட்டுக்கு வந்த இயேசுவுக்காக அக்கா மார்த்தா வேலை வேலை என்று ஓட, தங்கை மரியா அவர் காலடியில் உட்கார்ந்து கேட்ட கதை. லூக்காவில் இரண்டும் அடுத்தடுத்து வருவதால் நாள்காட்டியிலும் திங்கள், செவ்வாய் என்று வந்துவிடும். முந்தின நாள் 'போய்ச் செய்' என்ற இயேசு, மறுநாள் 'உட்கார்' என்கிறார்.

எங்கள் அன்பியக் கூட்டம் (அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்து செபிப்பது) பெரும்பாலும் எங்கள் வீட்டில்தான். வாசகம் ஹாலில், நான் அடுப்படியில். அந்தச் செவ்வாய்க்கிழமை சிஸ்டர் வாசகத்தை வாசித்து முடித்துவிட்டு, "டீ இன்னைக்கு யார் போடறது?" என்று ஆண்கள் பக்கம் திரும்பிக் கேட்டார். நீண்ட தியானம் நடந்தது. கடைசியில் என் கொழுந்தனார் எழுந்தார். டீ கழனித் தண்ணி மாதிரி இருந்தது, ஆனால் நான் உட்கார்ந்து கேட்டேன்.

ஓசூர், கம்பெனி ஊழியர்

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இப்படி எதுவும் நடந்ததில்லை. ஷிப்ட் மாறி மாறி வருவதால் வாரநாள் பூசைக்கு வாய்ப்பே இல்லை. கம்பெனி பஸ்ஸில் படிக்கிறேன், அநேகமாகப் பாதியில் தூங்கிவிடுகிறேன்.

ஒரே ஒரு வழக்கம் உண்டு. அம்மா எலத்தகிரியில் இருக்கிறார், எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. இடைவேளையில் போன் போட்டு அன்றைய நற்செய்தியை நான் வாசிப்பேன். சிக்கல் என்னவென்றால் அம்மா கேள்வி கேட்பார்.

மாங்காய் சீசனில் ஒருநாள் மாற்கு 11 வந்தது. இயேசு பசியோடு அத்திமரத்தைத் தேடிப் போகிறார், இலை மட்டும்தான் இருக்கிறது. 'அது அத்திப்பழக் காலம் அல்ல' என்று மாற்கே சொல்கிறார். ஆனாலும் சபிக்கிறார். அம்மா பிடித்துக்கொண்டார். "காலம் இல்லாத காலத்துல மரம் என்ன பண்ணும்? நம்ம மரமே ஒரு வருசம் காய்ச்சா மறுவருசம் ஓஞ்சு நிக்குது. அதுக்காக அதைத் திட்டுவாங்களா?" எனக்குப் பதில் தெரியவில்லை. சைரன் அடித்துவிட்டது, போனை வைத்துவிட்டேன். யாராவது சொல்லுங்களேன்.

தொடங்கி வைத்தவர்

எதுவும் நடக்கவில்லை என்று தம்பி சொல்கிறார், நான் கேட்ட ஆள் போனில் தினமும் அவரிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறார்!

கேள்விக்கு வருகிறேன். மாற்கு ஒரு கதையை இரண்டாக வெட்டி நடுவில் இன்னொன்றை வைப்பார், அது அவருடைய பாணி. இங்கே மரத்தைச் சபிப்பது முதலில், எருசலேம் கோவிலில் வணிகர்களை விரட்டுவது நடுவில், மரம் பட்டுப்போயிருப்பதைப் பார்ப்பது கடைசியில். ஆகவே மரம் கோவிலுக்கு அடையாளம். பார்வைக்கு இலை தழைத்து, பசித்து வந்தவருக்குக் கனி இல்லாத கோவில். கோபம் மரத்தின் மேல் இல்லை. பழைய இறைவாக்கினர்களும் இப்படி ஒன்றைச் செய்துகாட்டித்தான் பேசினார்கள். எரேமியா மண்கலயத்தை உடைத்தார். அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

ஓசூர், கம்பெனி ஊழியர்

நேற்று இரவு சொன்னேன். முழுக்கக் கேட்டார். அப்புறம், "கோவில் மேல கோவம்னா கோவிலைத் திட்டட்டும். மரம் வெச்சவன் வயிறு எரியாதா?" என்கிறார். கலயத்துக் கதையும் எடுபடவில்லை, கலயம் வேறு வாங்கிக்கொள்ளலாமாம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஃபாதரையே கேட்கப் போகிறாராம். அவருக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவைக்கலாமா என்று யோசிக்கிறேன்.