எடின்பரோ: வெதர்ஸ்பூனில் ரியல் ஏல் நன்றாக இருக்குமா?

கேள்வி:
அடுத்த வாரம் வேலையாக எடின்பரோ போகிறேன். பிரிட்டனின் பாரம்பரிய பீரான ரியல் ஏல் குடித்துப் பார்க்க ரொம்ப நாளாக ஆசை. தங்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஜார்ஜ் ஸ்ட்ரீட்டில், வெதர்ஸ்பூன் நிறுவனத்தின் ‘ஸ்டாண்டிங் ஆர்டர்’ என்ற பப் இருக்கிறது. செயின் பப்தானே, போகலாமா?

பதில் 1:
தாராளமாகப் போங்கள். பழைய வங்கிக் கட்டடம், அண்ணாந்து பார்க்க வைக்கும் கூரை, காது கிழியும் பாட்டும் கிடையாது. விலையும் கையைக் கடிக்காது.

பதில் 2:
செயினா இல்லையா என்பதைவிட அன்றைக்குப் பீப்பாய் எப்படி இருக்கிறது என்பதுதான் முக்கியம். ரியல் ஏலில் ஈஸ்ட் உயிரோடு இருக்கும், பீப்பாய்க்குள்ளேயே நொதித்துக்கொண்டிருக்கும், வெளியிலிருந்து வாயு ஏற்றுவதில்லை, அதனால் திறந்து மூன்று நாளுக்குள் தீர்ந்துவிட்டால்தான் ருசி. கூட்டம் வருகிற கடையில் அது தானாக நடக்கும். பீப்பாயிலிருந்து பீரை இழுக்கும் கைப்பம்பில் எது அதிகம் ஓடுகிறது என்று கேளுங்கள், கொஞ்சம் ருசி பார்க்கவும் தருவார்கள். பைன்ட் 568 மில்லி, முதல்முறை பாதி போதும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. ஆனால் சூடாகத் தருவார்கள் என்கிறார்களே?

பதில் 2:
சூடு இல்லை, 11 முதல் 13 டிகிரி. நம் ஊர் பீர் மாதிரி பல் கூசும் குளிர்ச்சியை எதிர்பார்க்காதீர்கள், அவ்வளவு குளிரவைத்தால் மால்ட் (முளைகட்டிய தானியம்) வாசனையே தெரியாது.

பதில் 3:
புளித்திருந்தால் கூச்சப்படாமல் திருப்பிக் கொடுங்கள். வேறொரு ஊரில் வினிகர் மாதிரி இருந்ததை நான் பேசாமல் குடித்துவிட்டு வந்தேன், இன்னும் வருத்தம்தான்.