கல்யாண நாளுக்கு 'சிகாகோ' மியூசிக்கல் பார்க்கப் போகலாமா?

ஜன்னல்சீட்டு:
அடுத்த மாசம் எங்க பத்தாவது கல்யாண நாள். நியூயார்க் போறோம். ஒரு ராத்திரி பிராட்வேல 'சிகாகோ' பார்க்கணும்னு எனக்கு ஆசை. வீட்டுல கதை கேட்டாங்க. "கள்ளக்காதலனைச் சுட்ட ஒருத்தி கோர்ட்டுல தப்பிக்கிற கதை"ன்னு உளறிட்டேன். "கல்யாண நாளுக்கு வேற கதையே கிடைக்கலையா?"ன்னு ஒரே பாட்டு. பார்த்தவங்க சொல்லுங்க. எந்த சீட் நல்லது?

மூணாவதுமணி:
நானும் என் வீட்டுக்காரரும் போனோம். பெரிய செட்டெல்லாம் எதிர்பார்க்காதீங்க. மேடை நடுவுல பேண்டுக்காரங்க அடுக்கடுக்கா உட்கார்ந்திருப்பாங்க, மிச்ச இடத்துலதான் ஆட்டம். உடுப்பு முக்கால்வாசி கறுப்பு. இவர் பத்து நிமிஷம் "செட்டு எப்ப வரும்?"னு கேட்டுக்கிட்டே இருந்தார். அப்புறம் வாயே திறக்கல.

கதை முழுக்கக் கற்பனையும் இல்ல. 1924ல சிகாகோவுல பியூலா அன்னன், பெல்வா கேர்ட்னர்னு ரெண்டு பெண்கள் மேல தனித்தனியா கொலை வழக்கு. ரெண்டு பேருமே விடுதலை. அந்த வழக்குகளைப் பத்திரிகையில எழுதின மாரின் டல்லஸ் வாட்கின்ஸ்தான் 1926ல அதை நாடகமாக்கினாங்க. பாட்டு சேர்ந்து மியூசிக்கலா வந்தது 1975ல. இப்ப ஓடுறது 1996ல ஆரம்பிச்ச தயாரிப்பு.

பியூலாவோட புருஷன் கடைசி வரைக்கும் கூடவே நின்னவர். தீர்ப்பு வந்த மறுநாளே அந்தம்மா அவரை விட்டுட்டாங்க! நாடகத்துல அவர்தான் ஏமஸ். தன்னை யாருமே கண்டுக்கிறதில்லைன்னு ஒரு பாட்டு பாடுவார். பின்னாடி ஒரு இடத்துல, மேடையை விட்டுப் போறப்ப, "எனக்கும் கொஞ்சம் வாசிங்க"ன்னு பேண்டைக் கேட்பார். அத்தனை பேரும் கம்முனு உட்கார்ந்திருப்பாங்க. அரங்கமே சிரிச்சுது, என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கல. ரயில்ல திரும்பும்போது மெதுவா, "நான் வர்றது போறது உனக்குத் தெரியுதா?"ன்னார்.

கோணல்வரிசை:
அம்பாசடர் தியேட்டர், மேற்கு 49வது தெரு. 1921ல கட்டினது, கதை நடக்குற காலத்துக் கட்டடமேதான். மனை சின்னதுன்னு அரங்கத்தை மூலைவாட்டாக் கட்டியிருக்காங்க. அதனால உள்ளே அகலம் அதிகம், ஆழம் கம்மி. விலை கம்மியா இருக்கேன்னு ரொம்ப ஓரத்துல போட்டுடாதீங்க. மாடியில நடு சீட்டு கிடைச்சா ஆட்டத்தோட வரிசை அப்படியே தெரியும். இடைவேளையோட ரெண்டரை மணி நேரம். உடுப்புக்குக் கட்டுப்பாடு கிடையாது. தேதி மாறினாலும் பரவாயில்லைன்னா, டைம்ஸ் ஸ்கொயர்ல சிவப்புப் படிக்கட்டுக்குக் கீழே இருக்குற கவுண்டர்ல அன்னைக்கு ஆட்டத்துக்குத் தள்ளுபடி டிக்கெட் பாருங்க. கல்யாண நாளுக்குன்னா முன்னாடியே வாங்கிடுறதுதான் புத்திசாலித்தனம்.

ஜன்னல்சீட்டு:
ரெண்டு பேருக்கும் நன்றி. மாடி, நடு வரிசை, போட்டாச்சு. ஏமஸ் விஷயத்தை வீட்டுல படிச்சுக் காட்டினேன். "பாவம்ங்க அந்த ஆளு, சரி போவோம்"னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு சமையலறையில இருந்து ஒரு குரல்: "நீங்களா இருந்தா எனக்கு வக்கீல் வைப்பீங்களா?" இன்னும் பதில் சொல்லல.