பைட்டோலித்: தாவரக்கல்லா, தாவரப்பரலா?

அன்புடையீர்,

ஆற்று வண்டல் எந்த நிலத்திலிருந்து அரித்து வரப்பட்டது என்பதைத் தாவர நுண்ணெச்சங்களைக் கொண்டு கண்டறியும் முறையைப் பற்றி எழுதும்போது, பைட்டோலித் (செடிக்குள் சிலிக்கா படிந்து உருவாகும் நுண்துகள்) என்பதைத் ‘தாவர நுண்புதைபடிவம்’ என்றோ ‘தாவரக்கல்’ என்றோ சொல்லலாம் என இங்கே கருத்துகள் வந்துள்ளன. இரண்டும் பொருந்தவில்லை என்பது என் எண்ணம்.

முன்னது பொதுச்சொல், மகரந்தத்தூளும் அதில் அடங்கிவிடும். மகரந்தம் காற்றில் நெடுந்தொலைவு சென்று விழக்கூடியது. பைட்டோலித்தோ பெரும்பாலும் செடி மக்கிய இடத்து மேல்மண்ணிலேயே தங்குவது. மண்ணரிப்பு ஆய்வுக்கு அது உதவுவதே இந்தத் தன்மையால்தான். மேலும், அது புதைந்தபின் உருவாவதன்று. மண்ணீரில் கரைந்துள்ள சிலிக்காவை வேர் உறிஞ்ச, அது உயிருள்ள செடியின் செல்களுக்குள்ளும் அவற்றின் இடைவெளிகளிலும் படிந்து இறுகுகிறது. நெல் உமியை எரித்த சாம்பலில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு சிலிக்காவாக இருப்பது இதன் விளைவே.

‘தாவரக்கல்’ கிரேக்க மூலத்தின் நேர்பெயர்ப்பு என்பது உண்மைதான். ஆயினும் அதைக் கேட்கும் மாணவருக்குத் திருவக்கரைக் கல்மரமே நினைவுக்கு வரும். அங்கே மரம் கல்லாயிற்று. இங்கே செடிக்குள் கல் விளைகிறது.

நான் முன்வைக்கும் சொல் ‘தாவரப்பரல்’. பரல் என்பது சிறுகல். சிலம்பினுள் இடப்படுவதும் பரலே. பாண்டியன் அவையில் கண்ணகியின் சிலம்பை உடைத்தபோது முத்துக்கு மாறாக மாணிக்கம் தெறித்தது. உள்ளிருந்த பரலே சிலம்பு யாருடையது என்பதைக் காட்டிக்கொடுத்தது. வண்டலில் கிடக்கும் பரலைக் கொண்டு மண் எந்த நிலத்தது என்று கேட்கும் இவ்வாய்வுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை. புற்பரல், நெற்பரல், பனைப்பரல், வாழைப்பரல் என்று அது எளிதாகக் கிளைக்கவும் செய்யும். நுண்ணோக்கியில் நெல்லிலையின் பரலொன்று விரித்த விசிறியைப் போலவும், தினை வகைப் புற்களின் பரல் உடுக்கையைப் போலவும் தெரியும். ஆகவே விசிறிப்பரல், உடுக்கைப்பரல் என்ற வடிவப் பெயர்களும் கூடவே கிடைத்துவிடுகின்றன.

இது புதிய கேள்வியும் அன்று. 1832இல் கேப் வெர்டே தீவுகளுக்கருகே கப்பலில் படிந்த தூசியைச் சார்லஸ் டார்வின் சேகரித்து, ஜெர்மானிய நுண்ணுயிர் ஆய்வாளர் எஹ்ரன்பெர்க்குக்கு அனுப்பினார். அதில் நுண்ணுயிர்களின் ஓடுகளோடு தாவரங்களின் சிலிக்காத் திசுக்களும் இருப்பதை எஹ்ரன்பெர்க் கண்டார்.

சொல்லின் எல்லையை வரையறுக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. நீலகிரியின் குந்தா நீர்ப்பிடிப்பை எண்ணிப் பாருங்கள். புல்வெளி, சோலை, சீகைக் காடு, தேயிலை, உருளையும் கேரட்டும் விளையும் சரிவு என எல்லாவற்றிலிருந்தும் மண் இறங்கி அணையில் சேர்கிறது. உருளை, கேரட் போன்றவற்றில் பரல் விளைவது புல்லோடு ஒப்பிட மிகக் குறைவு. ஆனால் முன்பு புல்வெளியாக இருந்து பிறகு உழப்பட்ட தோட்டத்தின் மண்ணில், பழைய புற்பரல்கள் நீண்டகாலம் அழியாமல் கிடக்கக்கூடும். வண்டலில் புற்பரல் மிகுந்திருப்பதைப் பார்த்து, புல்வெளியே அரிக்கப்படுகிறது என்று முடிவுகட்டினால், தோட்டத்துச் சரிவின் பழி புல்லின்மேல் விழும். எனவே வரையறையில் ‘செடி’ என்பதோடு நில்லாமல், ‘அம்மண்ணில் முன்பு வளர்ந்த செடியும் உட்பட’ என்று சேர்த்தே ஆக வேண்டும். ஒவ்வொரு நிலத்தின் மேல்மண்ணையும் தனித்தனியே எடுத்து, அதன் பரல் தொகுப்பை முதலில் பதிந்துகொள்வதும் இதனால்தான்.

முறையின் பெயரைப் பொறுத்தவரை, ஆங்கிலத்தில் ‘sediment fingerprinting’ எனப்படுவதை ‘வண்டல் கைரேகை’ என்று பெயர்ப்பதை நான் ஏற்கவில்லை. கைரேகை ஒருவரை மட்டும் சுட்டுவது. இங்கே பல நிலங்களின் மண் கலந்து கிடக்க, ஒவ்வொன்றின் பங்கு எவ்வளவு என்றே கணக்கிடுகிறோம். நீர்வரத்து என்று நாம் வழங்குவதை ஒட்டி ‘வண்டல் வரத்துப் பகுப்பு’ எனலாம். அணுகுண்டுச் சோதனைகளால் பரவி மேல்மண்ணில் படிந்த கதிரியக்கப் பொருளான சீசியம்-137 கொண்டு செய்வதற்கும் இப்பெயர் பொருந்தும். அது மண் மேலடுக்கிலிருந்து வந்ததா, ஓடைக்கரை சரிந்து வந்ததா என்று பிரித்துக் காட்ட, தாவரப்பரல் எந்தப் பயிர்நிலம் என்பதைக் கூட்டிச் சொல்லும்.

புற்பரலா, புல்பரலா என்பதில் மட்டும் இலக்கணம் அறிந்தோர் கருத்தைக் கேட்க விரும்புகிறேன். பாடநூலில் புணர்ச்சியோடு எழுதுவதே எனக்கு விருப்பம்.