பதில்: ‘உலைவு’, ‘மட்டப்பெயர்ச்சி’, ‘மட்டப்பிளவு’

வணக்கம் ஐயா,

நம் குவாண்டம் இயற்பியல் கலைச்சொல் பட்டியலில் ‘பெர்டர்பேஷன்’ (perturbation) என்ற சொல்லைப் பற்றி நீங்கள் கேட்டதற்குப் பதில்.

> பெர்டர்பேஷனுக்கு ‘இடையூறு’ போதாதா? எல்லாருக்கும் புரியுமே.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். இடையூறு வந்தால் நடக்க வேண்டியது தடைபடும். குவாண்டம் இயற்பியலில் எதுவும் தடைபடுவதில்லை. தீர்வு தெரிந்த ஒரு ஹாமில்டோனியனோடு, அதாவது அமைப்பின் மொத்த ஆற்றலைக் குறிக்கும் கணிதக் கோவையோடு, சிறிய உறுப்பு ஒன்று சேர்கிறது, ஆற்றல் மட்டங்கள் கொஞ்சம் நகர்கின்றன. இங்கே மொரீஷியசில் இன்னொரு சிக்கலும் உண்டு. பெர்த்யூர்பாசியோன் என்ற பிரெஞ்சுச் சொல்லைப் பிள்ளைகள் கேட்டுப் பழகியது புயல் காலத்து வானிலை அறிக்கையில். அவர்களிடம் போய் ‘இடையூறு’ என்றால், சேர்வது சிறியது என்ற அடிப்படையே போய்விடும். என் தேர்வு ‘உலைவு’.

அப்புறம், எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது ஒன்று. ‘ஆற்றல் மாற்றம்’ என்ற ஒரே தொடரால் இரண்டு நிகழ்வுகளைச் சொல்லிவருகிறோம். ஹைட்ரஜன் அணுவை மின்புலத்தில் வையுங்கள். ஆற்றலில் முதல் வரிசைத் திருத்தம் (உலைவின் அளவுக்கு நேர்விகிதமான பகுதி) என்பது பழைய நிலையில் உலைவின் சராசரி மதிப்பு. மிகக் குறைந்த ஆற்றல் உள்ள அடிநிலையில் எலக்ட்ரான் பரவல் எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் இருப்பதால் அந்தச் சராசரி சுழி. இரண்டாம் வரிசையில்தான் மட்டம் இறங்குகிறது, புலத்தின் இருமடிக்கு ஏற்ப. மேல்மட்டங்கள் எல்லாம் அதைக் கீழே தள்ளுவதால், அடிமட்டத்துக்கு இந்தத் திருத்தம் ஒருபோதும் நேர்க்குறியில் வராது. இதற்கு ‘மட்டப்பெயர்ச்சி’ என்போம். இடப்பெயர்ச்சி பாடநூலில் இருக்கிறது, சனிப்பெயர்ச்சி கோயிலில் கேட்கிறோம். தனியாக விளக்க வேண்டாம்.

இரண்டாம் மட்டத்தில் நடப்பது வேறு. எலக்ட்ரானின் தற்சுழற்சியை (ஸ்பின்) விட்டுவிட்டால் அங்கே ஒரே ஆற்றலில் 4 நிலைகள். புலம் வந்ததும் ஒன்று ஏறுகிறது, ஒன்று இறங்குகிறது, இரண்டு இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஒரு மட்டம் மூன்றாகிறது, அதுவும் முதல் வரிசையிலேயே, புலத்துக்கு நேர்விகிதத்தில். ஜெர்மன் இயற்பியலாளர் ஷ்டார்க் 1913இல் ஹைட்ரஜனின் நிறமாலைக் கோடுகள் பிரிவதைக் கண்டார். குவாண்டம் அலைச் சமன்பாட்டைத் தந்த ஷ்ரோடிங்கர் 1926இல் உலைவு முறையால் அதைக் கணக்கிட்டுக் காட்டினார். இதையும் பெயர்ச்சி என்றால் மட்டங்களின் எண்ணிக்கை கூடியதே மாணவருக்குத் தெரியாமல் போகும். ‘மட்டப்பிளவு’ என்றே சொல்ல வேண்டும்.

ஒரே ஆற்றல் கொண்ட நிலைகளுக்குப் பட்டியலில் ‘சிதைந்த நிலைகள்’ என்று இருக்கிறது. அதைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள் ஐயா. அங்கே எதுவும் சிதையவில்லை. ‘ஒருமட்ட நிலைகள்’ போதும்.

அப்படி ஒரு மட்டத்தில் எத்தனை நிலைகள் என்ற எண்ணிக்கைக்குத்தான் சொல் அமையவில்லை. ‘பன்மை எண்’ என்று யோசித்தேன், இலக்கணப் பன்மையோடு குழம்பும். மற்றவர்கள் சொல்லுங்கள்.