ட்யூனா பாஸ்தா சாலட் காலையில் தண்ணீர் விட்டு நிற்கிறது, அவசரம்

பிராம்ப்டன்_மீனா | வெள்ளி இரவு 9:10
வணக்கம். ஞாயிறு மதியம் எங்கள் தெருக்காரர்கள் 20 பேர் பூங்காவில் சேர்ந்து சாப்பிடப் போகிறோம். ட்யூனா பாஸ்தா சாலட் நான் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டேன். செய்து பார்த்துவிடலாம் என்று நேற்று இரவு கொஞ்சமாகச் செய்து ஃபிரிட்ஜில் வைத்தேன். வைக்கும்போது கெட்டியாக, கிரீம் மாதிரி அழகாக இருந்தது. காலையில் திறந்தால் அடியில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. மேலே மக்ரோனி வெளுத்துப்போய்க் கிடக்கிறது. வாயில் வைத்தால் சப்பென்று இருக்கிறது. எல்லாம் வழக்கமாகப் போடுவதுதான் போட்டேன். எங்கே தப்பு? நாளை கடைக்குப் போக வேண்டும், சீக்கிரம் சொல்லுங்கள்.

அடுப்பங்கரை45 | 9:22
வழக்கமாகப் போடுவது என்றால் என்னென்ன? டின்னில் வரும் ட்யூனா மீன் எண்ணெயில் இருப்பதா, தண்ணீரில் இருப்பதா? காய்கள் போட்டீர்களா? எத்தனை மணி நேரம் ஃபிரிட்ஜில் இருந்தது?

நெல்லைக்காரன் | 9:25
மயோனைஸா, சாலட் டிரெஸ்ஸிங்கா? இரண்டும் ஒரே மாதிரி வெள்ளை பாட்டிலில்தான் வரும். டிரெஸ்ஸிங்கில் எண்ணெய் குறைவு, தண்ணீரும் இனிப்பும் அதிகம். கனடாவில் மயோனைஸ் என்று பெயர் போட வேண்டுமானால் 65 சதவீதமாவது எண்ணெய் இருக்க வேண்டும். லேபிளைப் பார்த்துச் சொல்லுங்கள்.

பழைய_கை | 9:41
கேள்வியெல்லாம் தேவையே இல்லை. பாஸ்தாவை வடித்தவுடன் சூட்டோடு மயோனைஸில் கொட்டியிருக்கிறார். எண்ணெயைச் சின்னச் சின்னத் துளிகளாக்கி முட்டையின் மஞ்சள் கரு பிடித்துவைத்திருப்பதுதான் மயோனைஸ். சூடு பட்டால் பிடி விட்டுப் பிரிந்துவிடும். இதை இங்கே எத்தனையோ முறை எழுதிவிட்டேன், யாரும் பழைய இழைகளைத் தேடிப் படிப்பதில்லை. இந்த அடிப்படை தெரியாமல் 20 பேருக்குச் சமைக்க ஒத்துக்கொள்ளக் கூடாது.

அடுப்பங்கரை45 | 9:48
செய்து பார்த்துவிட்டுத்தானே வந்து கேட்கிறார், அதுவே பெரிய பொறுப்பு. அவர் பதில் சொல்லட்டும் ஐயா.

பிராம்ப்டன்_மீனா | 10:05
மன்னிக்கவும், குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தேன். ட்யூனா தண்ணீரில் இருப்பது, 3 டின். மக்ரோனி ஒரு பாக்கெட். பாட்டிலில் மயோனைஸ் என்றுதான் இருக்கிறது. மக்ரோனியைப் பச்சைத் தண்ணீரில் அலசி, நன்றாக ஆறின பிறகுதான் கலந்தேன்.

அடுப்பங்கரை45 | 10:07
பாக்கெட் 450 கிராமா, 900 கிராமா? காய்கள் பற்றிச் சொல்லவே இல்லையே.

ஸ்காபரோ_அன்ரி | 10:20
பிள்ளை, ட்யூனாவைப் பிழிந்தனீங்களா? எனக்கு இதில்தான் சந்தேகம். இங்கே கிடைக்கிற 170 கிராம் டின்னில் மீன் 120 கிராம்தான், மிச்சம் 50 கிராம் தண்ணீர். டின்னை மூடியால் அமர்த்திச் சரித்தால் பாதித் தண்ணீர்தான் போகும். நான் மெல்லிய பருத்தித் துணியில் கொட்டி முறுக்கிப் பிழிவேன். 3 டின்னுக்கு ஒரு தம்ளர் அளவு தண்ணீர் வரும். அது சாலட்டுக்குள் போனால் எந்த மயோனைஸ் தாங்கும்? பிழிந்தபிறகு மீனை விரலால் உதிர்த்துப் பார்க்க வேண்டும், தேங்காய்ப்பூ மாதிரி உதிர வேண்டும். ஊரில் சம்பலுக்கு மாசிக் கருவாடு இடிக்கும்போது கையில் ஒரு பதம் தெரியுமே, அந்தக் காய்ந்த பதத்துக்குப் போக வேண்டாம், அதற்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்த வேண்டும். மாசியும் இந்தச் சூரைமீன்தானே.

நெல்லைக்காரன் | 10:26
எல்லா டின்னிலும் சூரை இருக்காது அன்ரி. லைட் ட்யூனா என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் சூரை. வெள்ளை ட்யூனா என்பது அல்பகோர், வேறு இனம். வீட்டில் சின்னக் குழந்தை இருப்பதால் சொல்கிறேன்: அல்பகோரில் பாதரசம் கூடுதல். 1 முதல் 4 வயதுக் குழந்தைக்கு வாரத்துக்கு 75 கிராமுக்கு மேல் வேண்டாம் என்பது கனடா சுகாதாரத் துறையின் அறிவுரை. லைட் ட்யூனாவே வாங்குங்கள், விலையும் குறைவு.

கடல்_நண்டு | 10:38
வெள்ளரிக்காய்! வெள்ளரிக்காய் போட்டீர்களா? எனக்கு இரண்டு முறை சாலட் குளமானது அதனால்தான்.

அடுப்பங்கரை45 | 10:52
மீனா, ஒன்று பாருங்கள். நேற்றுச் செய்தது இன்னும் ஃபிரிட்ஜில் இருந்தால், அந்தத் தண்ணீரை ஒரு கரண்டியில் எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். மேலே எண்ணெய்க் கண்கள் மிதந்தால் பழைய_கை ஐயா சொல்வது சரி, மயோனைஸ் பிரிந்திருக்கிறது. சாம்பல் நிறத்தில் மீன் வாடை அடித்தால் அன்ரி சொன்ன ட்யூனா தண்ணீர். கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தால் காய் விட்ட நீர். இதைத் தெரிந்துகொள்ளாமல் மருந்து சொல்ல முடியாது.

பிராம்ப்டன்_மீனா | 11:15
பார்த்தேன். எண்ணெய் இல்லை. லேசான பச்சை கலந்த மஞ்சள், நாக்கில் வைத்தால் புளிப்பு. தயிர் வாடை வருகிறது.

அடுப்பங்கரை45 | 11:17
தயிர் எங்கிருந்து வந்தது?

பிராம்ப்டன்_மீனா | 11:19
மயோனைஸ் பாதி, தயிர் பாதி. வெறும் மயோனைஸ் கனமாக இருக்கும் என்று எப்போதும் அப்படித்தான் போடுவேன். வீட்டில் உறை ஊற்றிய தயிர்.

ஸ்காபரோ_அன்ரி | 11:24
அதை முதலே சொல்லியிருக்கலாமே பிள்ளை!

அடுப்பங்கரை45 | 11:30
கிடைத்துவிட்டது. வீட்டுத் தயிரில் கரண்டி விட்டு ஒரு குழி எடுத்துவிட்டு மூடி வையுங்கள், ஒரு மணி நேரத்தில் அந்தக் குழியில் தண்ணீர் ஊறி நிற்கும். அதே நிறம்தான். கிண்டிவிட்டால் தயிரின் கட்டு உடைந்து இன்னும் வேகமாகத் தண்ணீர் பிரியும். நீங்கள் சாலட்டில் செய்தது அதுதான். மயோனைஸைச் சந்தேகப்பட வேண்டாம். சந்தேகத்துக்கு இப்போதே மூன்று கிண்ணங்களில் வைத்துப் பார்க்கிறேன், என்னிடம் மக்ரோனி இருக்கிறது.

பழைய_கை | 11:44
இத்தாலியில் இதைக் கேட்டால் வருத்தப்படுவார்கள். பாஸ்தாவை அலசியதே முதல் தப்பு. மேலே உள்ள மாவுச்சத்துதான் சாஸைப் பிடித்துக்கொள்ளும்.

நெல்லைக்காரன் | 11:50
அது சூடாகச் சாப்பிடும் பாஸ்தாவுக்கு. குளிர்ந்த சாலட்டுக்கு அலசாவிட்டால் அந்த மாவே பசையாகி எல்லாம் கட்டியாகிவிடும். இந்த மக்ரோனி சாலட் அமெரிக்காவிலும் கனடாவிலும் வெயில்காலச் சாப்பாடு. அதை இத்தாலிய விதியில் அளக்க வேண்டாம். உண்மையில் பாக்கெட்டில் போட்ட நேரத்தைவிட ஒரு நிமிடம் கூடுதலாகவே வேகவைக்கலாம். குளிரில் பாஸ்தா இறுகும், பழைய சோறு ஃபிரிட்ஜில் விறைத்துப்போவதைப் போல.

அடுப்பங்கரை45 | சனி காலை 7:15
மூன்று கிண்ணம் முடிவு. ஒவ்வொன்றிலும் ஒரு கப் வெந்த மக்ரோனி, மூன்று கரண்டி சேர்மானம்.
வெறும் மயோனைஸ் போட்டது: தண்ணீர் இல்லை, ஆனால் மக்ரோனி எல்லாவற்றையும் குடித்துவிட்டு ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. பாதித் தயிர் போட்டது: சாய்த்தால் இரண்டு தேக்கரண்டி மஞ்சள் தண்ணீர் ஓடி வந்தது. உப்புப் போட்ட வெள்ளரித் துண்டு சேர்த்த மயோனைஸ்: மூன்று தேக்கரண்டி தெளிந்த தண்ணீர். ஆக, கடல்_நண்டு சொன்னதும் பொய்யில்லை.

செய்ய வேண்டியது இதுதான் மீனா. தயிரைத் துணியில் கட்டி இன்று மாலை வரை ஃபிரிட்ஜுக்குள்ளேயே தொங்கவிடுங்கள், கீழே ஒரு பாத்திரம் வைத்து. அரைக் கிலோ தயிர் கால் கிலோவுக்குக் கொஞ்சம் கூடத்தான் வரும். அந்தப் பொறுமை இல்லையென்றால் கடையில் இனிப்பில்லாத கிரேக்கத் தயிர். 20 பேருக்கு மற்றச் சாப்பாடும் இருக்கும் என்பதால் 900 கிராம் மக்ரோனி, ட்யூனா 6 டின் பிழிந்தது, மயோனைஸ் 450 கிராம், கட்டின தயிர் 250 கிராம், கடுகு பேஸ்ட் இரண்டு கரண்டி, எலுமிச்சை ஒன்றரை. செலரி பொடியாக நறுக்கியது ஒரு கட்டில் பாதி, வெங்காயத்தாள் ஒரு கட்டு. மயோனைஸும் தயிரும் கலந்த சேர்மானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைத்து, கிளம்பும் முன் கலக்குங்கள். மக்ரோனி இரவில் குடிக்க வேண்டியதைக் குடித்துவிடும், காலையில் ஊற்றுவதுதான் கண்ணுக்குத் தெரியும் கிரீம். சப்பென்று இருப்பதற்குக் குளிர்ச்சிதான் காரணம், குளிரில் சுவை நாக்குக்கு மங்கும். அதனால் உப்பையும் எலுமிச்சையையும் குளிர்ந்த பிறகு ருசி பார்த்துச் சேருங்கள்.

சென்னை_வெயில் | 9:02
பூங்காவுக்கு மயோனைஸா? தமிழ்நாட்டில் மயோனைஸுக்கே தடை போட்டார்கள், தெரியுமல்லவா?

நெல்லைக்காரன் | 9:10
பாதி செய்தி அது. 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை செய்தது பச்சை முட்டையில் செய்த மயோனைஸை மட்டும். ஷவர்மா கடைகளில் அங்கேயே அடித்து வெளியில் வைத்திருப்பார்களே, அதில் சால்மோனெல்லா என்ற கிருமி வரும் என்பதற்காக. பாட்டிலில் வருவது பாஸ்சரைஸ் செய்த, அதாவது கிருமி சாகச் சூடுபடுத்திய முட்டை, வினிகரும் இருக்கிறது.

சென்னை_வெயில் | 9:18
அப்படியானால் வெயிலில் வைக்கலாம் என்கிறீர்களா? எங்கள் வீட்டில் ஒருவர் ஷவர்மா சாப்பிட்டு நான்கு நாள் படுத்திருந்தார். வேடிக்கையாகச் சொல்லவில்லை.

நெல்லைக்காரன் | 9:31
அவர் குணமாகிவிட்டார் என்று நம்புகிறேன். வைக்கலாம் என்று நான் சொல்லவே இல்லை. பாட்டில் மயோனைஸ் புளிப்பானது, அதில் கிருமி எளிதில் வளராது. வளர்வது வெந்த மக்ரோனியிலும் மீனிலும். எல்லோரும் மயோனைஸைக் குற்றம் சொல்லிவிட்டு, மயோனைஸ் போடாத சாலட்டை மூன்று மணி நேரம் மேசையில் விட்டுவிடுகிறார்கள். அதுதான் என் கவலை.

பழைய_கை | 9:40
எங்கள் வீட்டில் பழைய சோறு இரவு முழுக்க வெளியில்தான் இருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஸ்காபரோ_அன்ரி | 9:55
அண்ணை, பழைய சோற்றில் மீன் கலந்து வைக்கிறதில்லையே. தண்ணீர் ஊற்றிப் புளிக்க விடுகிறது வேறு. மீனா பிள்ளை, 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்றுதான் இங்கே சொல்லித் தருகிறார்கள். 32 டிகிரி தாண்டின நாள் என்றால் ஒரு மணி நேரம்தான். நான் கோயில் அன்னதான வேலையில் நின்றதால் இதில் கண்டிப்பு. பெரிய சட்டி ஒன்றை வெளியில் வைக்காமல் இரண்டு சின்னச் சட்டியில் போடுங்கள். ஒன்று மேசையில், ஐஸ் நிரப்பின தட்டத்துக்கு மேலே. மற்றது ஐஸ் பெட்டிக்குள். முதலாவது முடிந்தபிறகு மற்றதை எடுங்கள்.

கடல்_நண்டு | 11:20
மீனா, வெள்ளரிக்காய் போட்டீர்களா இல்லையா? இன்னும் சொல்லவில்லை. போடுவதென்றால் விதையைச் சுரண்டி எடுத்து, உப்புத் தூவி அரை மணி நேரம் வைத்துப் பிழிந்த பிறகு போடுங்கள்.

பழைய_கை | மாலை 4:05
மூன்று கிண்ணத்தில் சூடான பாஸ்தாவையும் ஒன்றில் வைத்திருக்க வேண்டும். அது இல்லாமல் சோதனை முழுமையாகாது.

அடுப்பங்கரை45 | 4:30
சரி ஐயா, அதையும் இன்று இரவு வைக்கிறேன்.

அடுப்பங்கரை45 | ஞாயிறு காலை 8:00
வைத்தேன். சூட்டோடு கலந்ததில் எண்ணெய் பிரிந்து கிண்ணத்தின் ஓரம் முழுக்க மினுமினுப்பு. பழைய_கை ஐயா சொன்னது உண்மைதான், மீனாவின் சிக்கல் அது இல்லை என்பது மட்டும்தான் வித்தியாசம்.

பிராம்ப்டன்_மீனா | திங்கள் இரவு 8:50
எல்லோருக்கும் நன்றி. தயிரைக் கட்டித் தொங்கவிட்டேன், ட்யூனாவைத் துணியில் பிழிந்தேன், ஒரு பங்கு எடுத்து வைத்துக் கிளம்பும்போது கலந்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. இரண்டாவது சட்டியை எடுத்து வைத்த கால் மணி நேரத்தில் வழித்துவிட்டார்கள். அன்ரி, ஐஸ் தட்டம் யோசனைக்குத் தனி நன்றி. குழந்தை அழுகிறாள், பிறகு வருகிறேன்.

கடல்_நண்டு | 9:04
சந்தோஷம்! வெள்ளரிக்காய்?