உடற்சேர்வா, உடற்பேறா? பயோஅவைலபிலிட்டிக்கு ஒரு சொல்

தர்மபுரியிலிருந்து:

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

ஊட்டச்சத்துக் கலைச்சொல் பட்டியலில் பயோஅவைலபிலிட்டிக்கு (உண்ட சத்தில் உடம்பு எடுத்துப் பயன்படுத்தும் பங்கு) நேரே ‘உயிரிக் கிடைப்புத்தன்மை’ என்று இருக்கிறது. இதை மாற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உயிரி என்றதும் படிப்பவருக்கு நுண்ணுயிரிதான் நினைவுக்கு வருகிறது. ‘தன்மை’ அதைவிடப் பெரிய பிழை. தன்மை என்று எழுதிவிட்டால் அது உணவுக்குள்ளேயே இருக்கும் குணம் என்று ஆகிவிடும். ஒரே பானைக் களியைத் தின்னும் இருவரில் இரும்பு இருப்பு குறைந்தவர் உடம்பு அதிகம் எடுத்துக்கொள்ளும், நிறைந்தவர் உடம்பு குறைவாக எடுத்துக்கொள்ளும். கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன், குடலிலிருந்து இரத்தத்துக்கு இரும்பு போகும் கதவைத் திறந்தும் சாத்தியும் வைக்கிறது. பாதி உணவின் கணக்கு, பாதி உண்பவரின் கணக்கு.

நம் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த ராகியையே எடுத்துக்கொள்வோம். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவுக் கூறு அட்டவணைப்படி 100 கிராம் ராகியில் கால்சியம் 364 மில்லிகிராம், இரும்பு 4.6 மில்லிகிராம். 200 கிராம் மாவில் கிண்டிய களி என்றால் இரும்பு 9.2 மில்லிகிராம். இந்திய உணவுக்கு அதே நிறுவனம் 2020-இல் எடுத்துக்கொண்ட உறிஞ்சல் அளவு 8 விழுக்காடு. அதன்படி பார்த்தால் இரத்தத்துக்குப் போவது 0.74 மில்லிகிராம்தான். வளர்ந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் என்று பரிந்துரைப்பதும் இந்த 8 விழுக்காட்டை வைத்துத்தான். உள்ளே போய்ச் சேர வேண்டியது 2.3 மில்லிகிராம். 9.2-க்கும் 0.74-க்கும் இடையே உள்ள இந்தத் தொலைவுக்குத்தான் சொல் தேடுகிறோம்.

தடுப்பது எது? முதலில் பைட்டேட். தானியத்தில் இருக்கும், ஆறு பாஸ்பேட் கைகள் கொண்ட மூலக்கூறு. இரும்பு, துத்தநாகம், கால்சியம் மூன்றையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அடுத்தது ராகியின் செந்தோலில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள். வெள்ளை ராகியில் இது குறைவு. பைட்டேட்டை உடைக்கும் பைட்டேஸ் நொதி அதே தானியத்துக்குள் இருக்கிறது. ஈரமும் நேரமும் கிடைத்தால் வேலை செய்யும். களிக்கு மாவைக் கொதிக்கிற உலையில் கொட்டுகிறோம், நொதி தொடங்குவதற்கு முன்பே வெந்துவிடும். கூழுக்கு மாவைக் கரைத்து இரவெல்லாம் புளிக்க வைக்கிறோம். புளிப்பு ஏற ஏற நொதிக்குத் தோதான நிலை வரும், காலையில்தான் அடுப்பில் ஏற்றுகிறோம். மாவு ஒன்று, அட்டவணை எண்ணும் ஒன்று, உடம்புக்குப் போவது மட்டும் வேறு. இதைச் சொல்லத் தெரியாத கலைச்சொல் நமக்கு எதற்கு?

‘தின்னது உடம்புல சேரல’ என்று நம் மக்கள் காலங்காலமாகச் சொல்கிறார்கள். அதிலிருந்து உடற்சேர்வு என்று வைக்கலாம். உடற்சேர் இரும்பு, உடற்சேராக் கால்சியம், உடற்சேர்வு வீதம் என்று கிளைச்சொற்களும் தடையில்லாமல் வருகின்றன.

---

கிருஷ்ணகிரியிலிருந்து:

வணக்கம் ஐயா. ‘தன்மை’ பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ‘சேர்வு’ இடறுகிறது. சேர்வது என்றால் தேங்குவது என்றும் பொருள் உண்டே. ‘இடுப்பில் கொழுப்பு சேர்ந்துவிட்டது’, ‘எலும்பில் ஃபுளோரைடு சேர்ந்துவிட்டது’ என்கிறோம். நம் இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு பெரிய பிரச்சினை; அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. இங்கே அந்தக் குழப்பம் கட்டாயம் வரும்.

உடல் பெறுவது என்பதால் உடற்பேறு என்று வைத்தால் என்ன? சுருக்கமாகவும் இருக்கிறது.

இன்னொன்று. எந்தச் சொல்லானாலும் இரும்புக்கு மட்டும் பொருந்தினால் போதாது. உடம்பு வைட்டமின் ஏ-யாக (ரெட்டினாலாக) மாற்றிக்கொள்ளும் மாம்பழத்தின் பீட்டா கரோட்டினுக்கும் பொருந்த வேண்டும். உணவில் உள்ள 12 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டின் 1 மைக்ரோகிராம் ரெட்டினாலுக்குச் சமம் என்பது இப்போதைய கணக்கு. முன்பு 6-க்கு 1 என்று இருந்தது. பழம் மாறவில்லை, இந்த வீதத்தைப் பற்றிய அறிவுதான் மாறியது. அதிலும் சிறிது கொழுப்பு உடன் சென்றால்தான் கரோட்டின் குடலில் ஏறும்.

---

தர்மபுரியிலிருந்து:

நன்றி அம்மா. ஃபுளோரைடை எடுத்துக் காட்டியது நல்லதாயிற்று, முடிவு அதிலேயே இருக்கிறது.

வெறும் வயிற்றில் தண்ணீரோடு போகும் ஃபுளோரைடு ஏறக்குறைய முழுவதும் உடலுக்குள் ஏறும். பாலோடு போனால் கால்சியம் அதைப் பிடித்துக்கொள்வதால் சுமார் 70 விழுக்காடாகக் குறையும். இதுவும் பயோஅவைலபிலிட்டிதான். இதைப் ‘பேறு’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. பேறு என்றால் நற்பேறு, மகப்பேறு. நல்லது ஒன்று கிடைப்பது. பல்லைக் கறையாக்கி எலும்பைக் கெடுப்பதன் அளவைப் பேறு என்று சொல்லக் கூடாது. கலைச்சொல் நன்மை தீமை பக்கம் சாயாமல் நிற்க வேண்டும்.

உள்ளே ஏறிய ஃபுளோரைடில் வளர்ந்தவருக்கு ஏறத்தாழ பாதி சிறுநீரில் போய்விடும், மீதி எலும்பில் தங்கும். குழந்தைகளுக்குத் தங்குவது இன்னும் அதிகம். ஆகவே உள்ளே ஏறுவதும் தங்குவதும் இரண்டு தனிக் கருத்துகள், இரண்டு சொற்கள் வேண்டும். முதலாவது உடற்சேர்வு. இரண்டாவதை உடற்தேக்கம் என்று நிறுத்திவிட்டால் நீங்கள் சொன்ன குழப்பம் வராது. ஏரியில் நீர் சேர்வதும் தேங்குவதும் வேறு என்று எல்லோருக்கும் தெரியும்.

வேறொருவர் தனி மடலில் ‘உடலேற்பு’ என்று எழுதியிருந்தார். ‘பால் உடம்புக்கு ஏத்துக்கல’ என்பது பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்காமைக்கு உரிய பேச்சு. அதை இங்கே கொண்டுவர வேண்டாம்.

செரிமானம், உறிஞ்சல், உடற்சேர்வு மூன்றும் பட்டியலில் தனித்தனியாக வர வேண்டும். பாலக்கீரையில் கால்சியம் உண்டு, கீரை செரிக்கவும் செரிக்கிறது. கீரையிலேயே உள்ள ஆக்சலேட் பிடித்துக்கொள்வதால் கால்சியத்தின் உடற்சேர்வு சுமார் 5 விழுக்காடுதான். பாலில் அது ஏறக்குறைய 30.

முளைகட்டிய ராகி மாவுக்கும் பட்டியலில் விளக்கம் கேட்டிருந்தார்கள். கல் அரித்த ராகியை 10 முதல் 12 மணி நேரம் ஊற வைத்து, நடுவில் ஒருமுறை தண்ணீர் மாற்றி, வடித்து ஈரத்துணியில் 24 முதல் 36 மணி நேரம் கட்டி வைக்க வேண்டும். இரண்டு நாளைத் தாண்டினால் வேர் நீளும், பூஞ்சை வாடை அடிக்கும். நன்றாகக் காய்ந்த பிறகு வேரைத் தேய்த்துப் புடைத்து, இளஞ்சூட்டில் வறுத்து அரைக்கலாம். ஊற வைக்கும் முன்பே வறுத்தால் முளையும் வராது, நொதியும் இருக்காது. இந்த மாவில் தனியாகக் களி கிண்டினால் உருண்டை நிற்காது. முளைக்கும்போது உண்டாகும் அமைலேஸ் நொதி மாவுச்சத்தை உடைத்து நீர்க்க வைத்துவிடும். கஞ்சிக்கு அதுவே நல்லது, குழந்தைக்குக் கெட்டியில்லாமல் கூடுதல் மாவு கொடுக்க முடியும்.

பட்டியலுக்கான வரி இது. திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

உடற்சேர்வு: உட்கொண்ட ஒரு பொருளில், குடலால் உறிஞ்சப்பட்டு உடல் பயன்படுத்தும் நிலையை அல்லது உடலில் வினையாற்றும் நிலையை அடையும் பங்கு. விழுக்காட்டில் குறிக்கப்படும். சமைக்கும் முறை, உடன் உண்பவை, உண்பவரின் உடல்நிலை ஆகியவற்றால் மாறும். எ-டு: சாப்பாட்டோடு எலுமிச்சைச் சாறு சேர்ந்தால் தாவர உணவின் இரும்புக்கு உடற்சேர்வு கூடும், சாப்பிட்டவுடன் தேநீர் குடித்தால் குறையும்.