புதுப்பிப்பு: உயுனி உப்புவெளி போய்வந்துவிட்டோம்

பொலிவியாவின் உயுனி உப்புவெளிக்கு வழிகாட்டி இல்லாமல் நாமே வண்டி ஓட்டிப் போகலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். கடைசியில் வழிகாட்டியோடுதான் போனோம், அதுதான் சரி. 10,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் ஒரே வெள்ளை, சாலை என்று எதுவும் இல்லை, முன்னால் போன டயர்களின் தடம்தான் பாதை. ஓட்டுநர் தூரத்து மலைகளைப் பார்த்தே திசை பிடித்தார். ஓரங்களில் உப்பு மெல்லியது, அடியில் சேறு, தனியாகப் போயிருந்தால் நிச்சயம் மாட்டியிருப்போம்.

குனிந்து பார்த்தால் தரை முழுக்க அறுகோணக் கட்டங்கள், விளிம்பில் உப்பு பொருக்குத்தட்டி நிற்கிறது, கை வைத்தால் கரகரவென்று குத்துகிறது. அவ்வளவு அழகு!

3,656 மீட்டர் உயரம் என்பதால் முதல் நாள் எனக்கு நல்ல தலைவலி. அப்புறம், கறுப்புக் கண்ணாடி இல்லாமல் போகாதீர்கள், வெள்ளையில் கண் கூசிக் கொல்கிறது.